சேற்றில் புதைந்த டிராக்டரை மீட்கச் சங்கிலியும் ஷேக்கிளும் தேர்ந்தெடுத்தல்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடை முடிந்த கையோடு கும்பப்பூவுக்குத் தொழி அடிக்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை முற்றும் ஓய்வதற்கு முன்பே வடகிழக்குப் பருவமழை தலைகாட்டும் மாவட்டம் இது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் தாழ்ந்த வயல்களில், குறிப்பாகக் குளத்தின் மடையை அடுத்தும் பழையாற்றின் ஓரமாகவும் உள்ள நிலங்களில், தண்ணீர் முழுவதுமாக வடிவதே இல்லை. அடிமண் உளையாகவே கிடக்கிறது. ஒரு வயலில் அறுவடை இயந்திரமும், அடுத்த வயலில் கேஜ் சக்கரம் பூட்டிய டிராக்டரும் ஒரே வாரத்தில் இறங்குகின்றன. இரண்டில் ஒன்று புதைவது ஆண்டுதோறும் காணும் காட்சிதான்.

அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கட்டி இழுப்பதே வழக்கமாக இருக்கிறது. லாரிக் கயிறு, மோட்டார் இறக்கும் சங்கிலி, படகிலிருந்து கழித்த கம்பிவடம், வளைத்துப் பற்றவைத்த கம்பிக் கொக்கி என்று எதுவாயினும் பத்து முறையில் ஒன்பது முறை வண்டி மேலே வந்துவிடும். பத்தாம் முறை கொக்கி தெறிக்கும். ஒரு கிலோ எடையுள்ள இரும்புத் துண்டு ஓட்டுநரின் முதுகுப்பக்கமோ, வரப்பில் வேடிக்கை பார்க்கும் சிறுவர் பக்கமோ பாய்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்விபத்துகளில் பெரிய பொருள் அறுவது குறைவு. ஊசி, போல்ட், கொக்கி, வடத்தின் கண் போன்ற சிறிய உறுப்புகளே முதலில் விட்டுக்கொடுக்கின்றன. ஆகவே அவற்றைத் தேர்ந்தெடுப்பது பற்றியே இங்கு அதிகம் கூறப்படுகிறது.

எவ்வளவு இழுவை தேவை?

45 குதிரைத் திறன் டிராக்டர் ஒன்றின் எடை ஏறத்தாழ 2 டன். பட்டைச் சக்கரத்தில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம் 3 டன்னும் அதற்கு மேலும் இருக்கும். '2 டன் வண்டிக்கு 2 டன் தாங்கும் சங்கிலி போதும்' என்று பலர் எண்ணுகின்றனர். சேற்றில் இக்கணக்கு செல்லாது. புதைந்த வண்டியைச் சேறு பிடித்து உறிஞ்சிக்கொள்கிறது. வண்டி மீட்புப் பயிற்சிகளில் நெடுங்காலமாகக் கையாளப்படும் தோராயமான கணக்கு இது: சக்கரத்தின் குடம் வரை புதைந்தால் வண்டியின் எடையளவு இழுவை தேவை. மட்கார்டு வரை அமிழ்ந்தால் எடையைப் போல இரண்டு மடங்கும், அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கும் தேவைப்படும். அதாவது 2 டன் டிராக்டர் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டால் 4 டன் இழுவையை எதிர்பார்க்க வேண்டும்.

இனி, இழுக்க வரும் டிராக்டரைப் பார்ப்போம். அதுவும் 2 டன் எடையுள்ளதே. நல்ல கெட்டித் தரையில்கூட, சக்கரம் வழுக்காமல் அது நிதானமாகக் கொடுக்கக்கூடிய இழுவை தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுவது அரிது. எனவே சுமார் 1.3 டன்தான் கிடைக்கும். ஈர வரப்பில் நின்றால் இன்னும் குறையும். தேவை 4 டன். கைவசம் இருப்பதோ 1.3 டன். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஓட்டுநர் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து, சங்கிலியைத் தொய்யவிட்டு, வேகமாக ஓட்டிச் சுண்டி இழுக்கிறார்.

சுண்டி இழுப்பதில் என்ன நேருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 டன் டிராக்டர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வந்து, சங்கிலி விறைத்ததும் 10 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், சங்கிலியின் மேல் விழும் உச்ச இழுவை சுமார் 4 டன். வேகம் 10 கி.மீ. ஆனால் அது இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 16 டன்னை எட்டும். கியர் ஒன்று கூட்டியதில் வந்த வேறுபாடு இது. மாவட்டத்தில் எந்த உழவர் வீட்டிலும் 16 டன்னுக்குச் சங்கிலி இராது.

ஆகவே முதல் கருவி மண்வெட்டியே. வாய்மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட வேண்டும். சக்கரத்துக்குப் பின்புறமும், வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் சேற்றை வாரி எடுத்து, காற்றுப் புக வழி செய்ய வேண்டும். சக்கரத்தடியில் பலகை, தென்னை மட்டை, வைக்கோல் கட்டு இவற்றைத் திணிக்கலாம். ஒரு மணி நேர உழைப்பில் தேவையான இழுவை பாதியாகக் குறைந்துவிடும். இது அலுப்பான வேலை என்பது உண்மைதான். ஆயினும் இதைச் செய்யாமல் விலை உயர்ந்த சங்கிலி வாங்குவதில் பயன் குறைவு.

அறும் சுமையும் வேலைச் சுமையும்

கடையில் 'இது எத்தனை டன் தாங்கும்?' என்று கேட்டால், பெரும்பாலும் அறும் சுமையையே சொல்வார்கள். நாம் கேட்க வேண்டியது வேலைச் சுமை. 80 கிரேடு சங்கிலிக்கு அறும் சுமையில் நான்கில் ஒரு பங்கும், கம்பிவடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கும், நல்ல ஷேக்கிளுக்கு ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கும், நார்ப்பட்டைக்கு ஏழில் ஒரு பங்கும் வேலைச் சுமையாகக் கொள்ளப்படுகிறது. எஞ்சிய பங்கு வீண் என்று நினைக்கக் கூடாது. தேய்மானம், முறுக்கு, எதிர்பாராத சுண்டல் ஆகியவற்றுக்காக ஒதுக்கிய விதைநெல் போன்றது அது.

தரமான பொருளில் வேலைச் சுமை அதன் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டபிள்யூ.எல்.எல். என்ற எழுத்துகளையும், அதனருகில் டன் கணக்கையும், செய்தவரின் குறியையும் பார்க்கவும். பெயிண்டில் எழுதியதோ, ஒட்டிய தாளோ போதாது. குறியே இல்லாத பொருள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் இழுவைக்கு வாங்க வேண்டாம். வேலி, கதவு, மாட்டுத்தொழுவம் என அதற்கு வேறு உபயோகங்கள் உண்டு.

சங்கிலி

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சங்கிலிகளின் வலிமை வெகுவாக வேறுபடலாம். 10 மி.மீ. பருமனுள்ள சாதாரண மென் எஃகுச் சங்கிலியின் வேலைச் சுமை சுமார் 1.2 டன். அதே பருமனில் பதம் செய்த கலப்பு எஃகால் ஆன 80 கிரேடு சங்கிலியின் வேலைச் சுமை 3.15 டன். 8 மி.மீ. சங்கிலிக்கு 2 டன்; 13 மி.மீ. சங்கிலிக்கு 5.3 டன். 80 கிரேடு சங்கிலியில் சிறு இடைவெளிகளில் வளையத்தின் மேல் 8 அல்லது 80 என்ற எண்ணோ, ஆங்கில டி எழுத்தோ பொறிக்கப்பட்டிருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டு அதைத் தேடிப் பார்த்து வாங்குக.

ஒரு டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு 10 மி.மீ., 80 கிரேடு சங்கிலி 5 மீட்டர் நீளம் போதுமானது. மீட்டருக்கு இரண்டேகால் கிலோ அளவு எடை இருக்கும் என்பதால் ஒருவரே தூக்கிவிடலாம். அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுவோர் 13 மி.மீ. வைத்திருப்பது நல்லது.

இச்சங்கிலிக்கு ஒரு பெரும் பகை உண்டு. அது பட்டறை உலை. வளையம் ஒன்று நீண்டுவிட்டால் வெட்டிப் பற்றவைப்பதும், விரிந்த கொக்கியைக் காய்ச்சி அடித்து மூடுவதும் நம் ஊர் வழக்கம். கலப்பு எஃகின் வலிமை அதற்குக் கொடுத்த பதத்தில் இருக்கிறது. செந்தழலில் காய்ச்சியதும் பதம் போய்விடும். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் அந்த வளையம்தான் அடுத்த முறை அறும். அரிவாளுக்குப் பதம் போட்டுத் தருவதில் நம் கொல்லர்களின் கைத்திறனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தொழிற்சாலையில் அளந்து கொடுத்த வெப்பத்தைத் துருத்தி உலையில் திரும்பக் கொடுக்க இயலாது. சங்கிலியை இணைக்க, அதே கிரேடில் விற்கும் இணைப்பு வளையத்தையே வாங்க வேண்டும். சங்கிலியில் முடிச்சுப் போடுவதும், வளையங்களுக்கிடையே போல்ட் செருகிக் குறுக்குவதும் அறவே கூடாது.

ஷேக்கிளும் போல்ட்டும்

ஷேக்கிளில் இரண்டு வடிவங்கள் உண்டு. டி வடிவம் குறுகியது. நேர் இழுப்புக்கு மட்டும் ஏற்றது. வில் வடிவம் அகன்றது. இரண்டு கண்களை அதில் கோக்கலாம், சிறிது சாய்ந்த இழுப்பையும் தாங்கும். சேற்று வேலைக்கு வில் வடிவமே வசதி. எனினும் 45 பாகைச் சாய்வில் இழுத்தால் அதன் வேலைச் சுமை 70 சதவீதமாகவும், முழுப் பக்கவாட்டில் இழுத்தால் பாதியாகவும் குறைந்துவிடும்.

அடித்து உருவாக்கிய நல்ல வில் ஷேக்கிளில், 16 மி.மீ. அளவுக்கு 3.25 டன், 19 மி.மீ. அளவுக்கு 4.75 டன், 22 மி.மீ. அளவுக்கு 6.5 டன் என்பது வழக்கமான வேலைச் சுமை. இங்கே அளவு என்பது வளைந்த உடலின் பருமன். ஊசி அதைவிட ஒரு படி பருமனாகவே இருக்கும். ஊசியும் உடலும் ஒரே பருமனாக இருந்தால் அது மலிவுச் சரக்கோ என்று ஐயப்படலாம். வார்ப்பிரும்பில் செய்தவை நீளாமலே முறியும் இயல்புடையவை. அவற்றை இழுவைக்கு ஒதுக்கிவிடுக.

குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுகங்களை அடுத்த கடைகளில் படகுக்கான ஷேக்கிள்கள் எளிதாகக் கிடைக்கும். துத்தநாகம் பூசிய அந்தப் பளபளப்பு உப்புக்காற்றைத் தாங்குவதற்காகக் கொடுத்தது. அதைக் கொண்டு வலிமையை மதிப்பிட முடியாது. அங்கு வாங்கினாலும் வேலைச் சுமைக் குறியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஊசி தொலைவதே ஷேக்கிளின் பெருங்குறை. சேற்றில் விழுந்தால் கிடைக்காது. உடனே பெட்டியில் கிடக்கும் 16 மி.மீ. போல்ட்டைச் செருகிவிடுகிறார்கள். 19 மி.மீ. ஷேக்கிளின் ஊசி 22 மி.மீ. பருமன் உடையது. 16 மி.மீ. போல்ட்டின் மரையுள்ள பகுதியில் எஃகின் பரப்பு இதில் பாதிக்கும் குறைவு. எஃகின் தரமும் தாழ்ந்தது. இரண்டும் சேர்ந்து, மூல ஊசியின் வலிமையில் நான்கில் ஒரு பங்குகூட இராது. ஊசியை ஷேக்கிளின் உடலோடு சிறு கம்பியால் கட்டி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

டிராபார், முன் கொக்கி போன்றவற்றைப் பூட்டும் போல்ட்டுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். போல்ட்டின் தலையில் 4.6, 8.8, 10.9 என்று எண் இருக்கும். முதல் எண் எஃகின் இழுவலிமையைக் குறிக்கும். 4.6 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 40 கிலோவிலும், 8.8 என்றால் சுமார் 80 கிலோவிலும் அறும். 16 மி.மீ. போல்ட் ஒன்று நேர் இழுப்பில் முறையே ஏறத்தாழ 6.4 டன்னிலும் 12.8 டன்னிலும் அறும் என்று கணக்காகிறது. குறுக்காக வெட்டும் விசைக்கு இதில் 60 சதவீதமே கொள்ளலாம். எண்ணே பொறிக்காத போல்ட் இழுவைக்கு உதவாது.

கம்பிவடம்

10, 15 மீட்டர் எட்ட நின்று இழுக்கக் கம்பிவடம் தேவைப்படும். ஆறு புரிகள் கொண்ட, நார் நடுத்தண்டு உள்ள வடத்தில், 12 மி.மீ. வடம் சுமார் 8.5 டன்னிலும், 16 மி.மீ. வடம் சுமார் 15 டன்னிலும் அறும். வேலைச் சுமை முறையே 1.7, 3 டன் என்று கொள்ளலாம். வாங்கும்போது ஐ.எஸ். 2266 என்ற இந்தியத் தர எண்ணைக் கேட்கவும்.

வடத்தின் நுனியைக் கண் போல மடக்கி யு கிளிப் போடுவதில் பலர் தவறுகிறார்கள். கிளிப்பின் சேணம் பாரம் ஏறும் நீண்ட வடத்தின் மேலும், வளைந்த யு பகுதி மடங்கிய குட்டை நுனியின் மேலும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் யு பகுதி பாரம் ஏறும் வடத்தையே நசுக்கிவிடும். 12 மி.மீ. வடத்துக்குக் குறைந்தது மூன்று கிளிப்புகள், வடத்தின் பருமனைப் போல் ஆறு மடங்கு இடைவெளியில் போடுக. கண்ணுக்குள் தகட்டுக் குழிவளையம் வைக்க வேண்டும். முதல் இழுப்புக்குப் பிறகு நட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும். கிளிப் போடாமல் வடத்தை முடிச்சிட்டால் அதன் வலிமை பாதியாகிவிடும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது, விழுந்த ரப்பர், தென்னை மரங்களை இழுத்து அப்புறப்படுத்த வடம் வாங்கியோர் உண்டு. அத்தகைய பழைய வடத்தை மேலே துடைத்துப் பார்த்தால் நன்றாகவே தோன்றும். புரியைச் சற்றுத் திருகி உள்ளே பார்த்தால் துருப்பொடி உதிரும். கடலில் கிடந்த வடமும் அப்படியே. ஒரு முழு முறுக்கு நீளத்தில் பத்து இழைகளோ, ஒரே புரியில் ஐந்து இழைகளோ அறுந்திருந்தால் அந்த வடத்தைக் கழித்துவிட வேண்டும். கையுறை இல்லாமல் கம்பிவடத்தைத் தொட வேண்டாம்.

நார்ப்பட்டை

அண்மைக் காலத்தில் பாலியெஸ்டர் பட்டைகள் எளிதாகக் கிடைக்கின்றன. இவற்றில் நிறமே அளவைச் சொல்லும்: பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன். எடை குறைவு, கையைக் கிழிக்காது, மரத்தைச் சுற்றவும் ஏற்றது. மண்துகள் உள்ளே புகுந்தால் நூலை அறுக்கும். ஆதலால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துக. தையல் பிரிந்தாலும், ஓரம் வெட்டுப்பட்டாலும் கழித்துவிடலாம்.

நைலான் கயிறு வேறு வகை. அது நீளும். ஜீப்பை மலைக்காட்டில் ஓட்டுவோர், நீளும் தன்மைக்கென்றே செய்த கயிற்றை அதற்குரிய முறையில் பயன்படுத்துகிறார்கள். நாம் லாரிக் கயிற்றைக் கொண்டு அதைச் செய்யக் கூடாது. 3 டன் இழுவையில் கயிறு ஒரு மீட்டர் நீண்டிருந்தால், அதில் அடங்கியுள்ள ஆற்றல் 50 கிலோ சிமென்ட் மூட்டையை 30 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அந்த நேரத்தில் கொக்கி விட்டுப்போனால் அத்தனை ஆற்றலும் கொக்கியோடு பறக்கும்.

எங்கே பூட்டுவது?

இழுக்கும் டிராக்டரில் டிராபார் ஒன்றே பூட்டும் இடம். டாப் லிங்க் பூட்டும் இடத்திலோ, பின் அச்சுக்கு மேலே வேறு எங்குமோ பூட்டினால், பாரம் ஏறியதும் முன்சக்கரங்கள் கிளம்பும். கிளம்பியதிலிருந்து ஒன்றரை வினாடிக்குள் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை அடியில் போட்டுவிடக்கூடும். கண்டு, உணர்ந்து, கிளட்சை மிதிக்க அந்த நேரம் போதாது.

புதைந்த டிராக்டரின் பின்சக்கரத்தில் மரத்தடியைச் சங்கிலியால் கட்டி முன்னோக்கி ஓட்டும் வழக்கமும் இதே ஆபத்தை உடையது. தடி சேற்றில் ஊன்றிச் சக்கரம் சுழலாமல் நின்றால், சுழல்வது டிராக்டரின் உடல்தான். இம்முறையை விட்டொழிக்க வேண்டும். தோண்டிவிட்டுப் பின்னோக்கி எடுக்க முயல்வதே பாதுகாப்பானது.

புதைந்த வண்டியில் ஸ்டியரிங் தண்டிலோ பம்பர் தகட்டிலோ பூட்ட வேண்டாம். கையேட்டில் காட்டிய இழுவைக் கொக்கியில் பூட்டுக.

தென்னையில் கட்டலாமா?

இழுவையைக் கூட்டக் கப்பி உதவும். புதைந்த வண்டியில் கப்பியைப் பூட்டி, வடத்தின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறு நுனியை டிராக்டர் இழுத்தால், 1.2 டன் இழுப்பு உராய்வு போக 2 டன்னுக்கு மேல் கிடைக்கும். டிராக்டர் 2 மீட்டர் நகர்ந்தால் வண்டி 1 மீட்டர் நகரும். இங்கு மறக்கக் கூடாத ஒன்று, கப்பியைத் தாங்கும் ஷேக்கிளின் மேல் வடத்தைப் போல் இரு மடங்கு பாரம் ஏறுகிறது. வடத்துக்கு ஏற்ற ஷேக்கிளைக் கப்பிக்கும் போடுவது தவறு.

நம் வரப்புகளில் கண்ணில் படும் மரம் தென்னைதான். அதன் வேர்கள் நார்வேர்கள், மேல்மண்ணில் பரவியவை. மழையில் ஊறிய வரப்பில் நிற்கும் தென்னை எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது. மேலும் தென்னையின் தண்டில் ஏற்பட்ட காயம் மற்ற மரங்களில் போல வளர்ந்து மூடுவதில்லை. சங்கிலி அறுத்த காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டை அழைக்கும். அது அங்கே முட்டையிடும். ஒரு நாள் வேலைக்காகக் காய்க்கும் மரத்தை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. வேறு வழியே இல்லையெனில் அகன்ற பட்டையை, சாக்கு அல்லது பழைய டயர் துண்டு வைத்து, அடிமரத்தில் தரையை ஒட்டிச் சுற்றலாம். பட்டையின் இரு கைகளுக்கு இடையே கோணம் அகல அகலப் பாரம் கூடும். 120 பாகையில் ஒவ்வொரு கையும் முழுப் பாரத்தையும் சுமக்கும். எனவே பட்டை நீளமாக இருக்கட்டும். வேரோடிய புளியோ, மேட்டில் குழிதோண்டிக் குறுக்காகப் புதைத்த மரத்தடியோ தென்னையைவிட நம்பத்தக்கது.

இழுக்கும்போது

சுசீந்திரத்தில் மார்கழித் தேர் நிலையிலிருந்து கிளம்புவதைக் கண்டவர்களுக்கு முறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடம் முதலில் விறைக்க வேண்டும், பின்பே இழுப்பு. மிகத் தாழ்ந்த கியரில், தொய்வு முழுவதும் எடுத்த பிறகு, மெல்லப் பாரம் ஏற்றுக. வண்டி அசையாவிட்டால் நிறுத்தி, மீண்டும் தோண்டுக. வடத்தின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டால், அறுந்த வடம் தாழ்ந்து விழும். இரு ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள் வடத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். வடத்தைத் தாண்டுவதும், விறைத்த சங்கிலியைக் காலால் உதைத்துப் பார்ப்பதும் கூடாது. கட்டளை ஒருவரிடமிருந்தே வரட்டும். நம் ஊர்களில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

வேலை முடிந்ததும் கழுவி, உலர்த்தி, சங்கிலிக்கும் வடத்துக்கும் எண்ணெய் தடவித் தொங்கவிடுக. வளையத்தின் பருமன் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலோ, கொக்கியின் வாய் விரிந்தாலோ உடனே விலக்குக. ஒவ்வொன்றிலும் வேலைச் சுமையைப் பொறித்த சிறு தகடு ஒன்றைக் கட்டி வைத்தால், பக்கத்து வயல்காரர் இரவல் கேட்டு வரும்போது அவருக்கும் அது தெரியும்.